வல்லூறுக்கும் வயிறு உண்டு

கேள்வி: எங்கள் முருங்கை மரத்தடியில் இரை பொறுக்கிக்கொண்டிருந்த தவிட்டுக்குருவிகளில் ஒன்றை வல்லூறு தூக்கிக்கொண்டு போய்விட்டது. கையில் துடைப்பம் இருந்தும் சும்மா நின்றேன். விரட்டியிருக்க வேண்டுமோ?
– மன்னார்குடி வாசகி

பதில்: விரட்டியிருந்தால் பக்கத்துத் தெருவில் இன்னொன்றைப் பிடித்திருக்கும். கொலை நடந்த தெரு மாறியிருக்கும், அவ்வளவுதான். வல்லூறு ஓணான், எலி, வெட்டுக்கிளி எல்லாம் தின்னும். அன்று ஓணானைத் தூக்கியிருந்தால் நீங்கள் இந்தக் கடிதத்தை எழுதியிருப்பீர்களா என்பது என் சந்தேகம்.

காவல் வேலையைக் கரிச்சானிடம் விட்டுவிடுங்கள். எடை சுமார் 50 கிராம்தான். ஆனால் தன் கூட்டுப் பக்கம் பருந்தே வந்தாலும் பின்னாலேயே பறந்து முதுகில் கொத்தித் துரத்தும். அந்தத் தைரியத்தில் புறாவும் மாங்குயிலும் அதே மரத்தில் குடியேறுவது உண்டு. வாடகை இல்லை, மாமூலும் இல்லை! இப்படி ஒரு காவலர் நமக்கு வாய்க்கவில்லை.

நீங்கள் கண்காணிக்க வேண்டிய ஆள் வேறு: வீட்டுப் பூனை. வல்லூறு பசித்தால்தான் வரும். பூனையோ தட்டில் மீனை வைத்துக்கொண்டே குஞ்சைப் பிடிக்கும். குருவிகள் கூடு கட்டும் மாதங்களிலாவது அதை வீட்டுக்குள் வைத்திருங்கள்.