பஞ்சுக்கு அடியில் கரண்ட்

செண்பகனூர் வாசகி: எங்களுடையது தகரக் கூரை போட்ட பழைய வீடு. போன மார்கழியில் பலகை சீலிங்குக்கு மேலே கிளாஸ் வூல் பரப்பினோம், குளிர் அடங்கியது. இப்போது ஹீட்டர் போட்டால் விளக்கு மினுக்குகிறது. எலக்ட்ரீஷியன் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, "ஜங்ஷன் பாக்ஸ் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை" என்று இறங்கிவிட்டார். பஞ்சு போட்டது தப்பா?

பஞ்சு நிரபராதி. உறைபனி விழுகிற ஊரில் இருந்துகொண்டு கூரைக்கடியில் பஞ்சு வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? பாக்ஸையும் சேர்த்துப் புதைத்ததுதான் குற்றம். தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு இறங்கிய எலக்ட்ரீஷியனை விட்டுவிடாதீர்கள். குத்துமதிப்பாக வயரைப் பிடித்து இழுக்கிறவரைவிட அவர் ஆயிரம் மடங்கு மேல்.

பெட்டி எங்கே என்று ஏன் தெரியாமல் போகிறது? அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் 1845-ல் கொடைக்கானலின் முதல் பங்களாக்களைக் கட்டியபோது எடிசனின் விளக்குக்கு இன்னும் 34 வருஷம் இருந்தது. அந்த மாதிரிப் பழைய வீடுகளுக்குள் மின்சாரம் பின்னால்தான் நுழைந்தது. கருங்கல் சுவரைக் கொத்துவதைவிட சீலிங்குக்கு மேலே வயரை ஓட்டுவது சுலபம். அறைக்கு அறை வயர் பிரிகிற இடத்தில் ஒரு பெட்டி, அதற்குள் ஜாயிண்ட். பிற்பாடு கீசர் வந்தது, ஹீட்டர் வந்தது. பெட்டிகளும் பெருகின. எது எங்கே என்று எழுதிவைக்கத்தான் ஆளில்லை.

ஹீட்டர் போட்டதும் விளக்கு மினுக்குகிறது என்றால் ஏதோ ஒரு ஜாயிண்ட் தளர்ந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். 2,000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். தளர்ந்த ஜாயிண்டில் கால் ஓம் தடை இருந்தாலே, கிட்டத்தட்ட 19 வாட் சூடு அந்தச் சின்னப் பெட்டிக்குள் பிறக்கும். ரேடியோ மெக்கானிக் கையிலிருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான், ஈயத்தையே உருக்கிவிடுகிறது. சாதாரண பி.வி.சி. வயரின் உறை தாங்குவது 70 டிகிரி. திறந்த மச்சில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். பஞ்சுக்கு அடியில் அது எங்கே போகும்?

ஆகவே அந்த சர்க்யூட்டை இன்றே ஆஃப் செய்யுங்கள். சுவிட்ச் போர்டிலிருந்து வயர் மேலேறும் இடத்தில் தொடங்கி, அது போகிற வழியிலேயே பஞ்சை உருட்டி எடுக்கச் சொல்லுங்கள். பெட்டி கிடைத்ததும் மூடியைத் திறந்து, கறுத்த வயரை வெட்டியெறிந்துவிட்டு, புது கனெக்டர் போட வேண்டும். பஞ்சைத் திரும்பப் பரப்பும்போது பெட்டிக்கு மேல் மட்டும் இடம் விட்டு, பக்கத்துச் சட்டத்தில் ஒரு குச்சியை நிறுத்தி சிவப்பு பெயின்ட் அடியுங்கள். மச்சுக் கதவிலிருந்து டார்ச் அடித்தாலே தெரிய வேண்டும். மெயின் போர்டு கதவின் உள்பக்கம் ஒரு வரைபடமும் ஒட்டிவிடுங்கள்.

வில்பட்டி வாசகர்: எம்.சி.பி. போட்டிருக்கிறோமே, அது பார்த்துக்கொள்ளாதா?

கரண்ட் அளவு மீறினால் எம்.சி.பி. விழும். தளர்ந்த ஜாயிண்டில் ஓடுவதோ அதே 8.7 ஆம்பியர்தான், எம்.சி.பி.யின் கணக்கில் எல்லாம் சரியாகவே இருக்கும். கசிவைப் பிடிக்கிற ஆர்.சி.சி.பி.க்கும் இது தெரியாது. இன்னொன்று: அரை மீட்டருக்கு மேல் வயர் முழுக்கப் பஞ்சுக்குள் புதைந்தால், அது தாங்கும் கரண்ட்டைப் பாதியாகத்தான் கணக்கிட வேண்டும். பஞ்சு போடுகிற அன்றே எம்.சி.பி.யின் அளவையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

பூம்பாறை வாசகர்: ஜாயிண்டில் டேப் நன்றாகச் சுற்றிவிட்டால் போதாதா? பெட்டி எதற்கு?

டேப் வயரை மூடும், பொறியை அடைக்காது. பெட்டி அடைக்கும்.

ஹோம்ஸ்டே நடத்தும் வாசகி: பெட்டியை எட்டுவதற்காக ஜிப்சம் சீலிங்கில் கதவு வைத்தால் அழகு போய்விடும் என்கிறார் ஆர்க்கிடெக்ட். கதவு வைக்கத்தான் வேண்டுமா? சட்டம் இருக்கிறதா?

நெறி இருக்கிறது. சர்வதேச 60364 தரநிலைத் தொடரும், அதையொட்டி 2019-ல் திருத்தப்பட்ட நம் ஐ.எஸ். 732-உம் சொல்வது, ஜாயிண்ட் என்றால் பார்க்கவும் சோதிக்கவும் கை எட்ட வேண்டும் என்பது. மண்ணில் புதைத்த கேபிள் மாதிரி சிலவற்றுக்குத்தான் விலக்கு. அமெரிக்க விதி 314.29 இன்னும் கறார்: கட்டடத்தின் எந்தப் பகுதியையும் பிரிக்காமல் பெட்டியைத் திறக்க முடிய வேண்டும். சீலிங்கை அறுத்தால்தான் பெட்டி என்றால் தேறாது.

அழகைக் கெடுக்காத இடம் இருக்கிறது. பெட்டிகளையெல்லாம் பாத்ரூம் முன்னறைக்கோ அலமாரிக்கோ மேலே கொண்டுவந்து, அங்கே ஒரே கதவு வைத்தால் விருந்தாளி கண்ணில் படாது. உங்கள் அறையில் தூங்குகிறவர்களுக்கு வழியும் தெரியாது, மெயினும் தெரியாது. அவர்களுக்காகவாவது அந்தக் கதவை விட்டுக்கொடுக்காதீர்கள்.

பஞ்சுக்குப் பதிலாகக் கூரைக்கடியில் வெள்ளி ஃபாயில் ஒட்டுவதாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2009-ல் அரசுச் செலவில் வீடு வீடாகக் கூரைக்கு வெப்பக்காப்பு போட்டார்கள். நான்கு இளம் தொழிலாளர்கள் செத்தார்கள், மூவர் கரண்ட் அடித்து. ஃபாயிலைப் பொருத்த அடித்த உலோக ஸ்டேப்பிள் வயரைத் துளைத்ததும் காரணங்களில் ஒன்று. 2014-ல் ராயல் கமிஷன் வைத்து விசாரித்தார்கள். ஸ்டேப்பிள் அடிக்கும் முன் வயர் எங்கே என்று கேட்கிற மேஸ்திரிக்கே வேலையைக் கொடுங்கள்.

அட்டுவம்பட்டி வாசகர்: மெயினை ஆஃப் செய்துவிட்டு நானே ஏறிப் பார்க்கலாமா?

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், நீங்கள் மெயினை அணைத்த அடுத்த கணமே அது விழித்துக்கொள்ளும். கரண்ட் போனால் அதன் வேலையே அதுதானே! விளக்கு வயர்களில் மறுபடி 230 வோல்ட். அதையும் அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். பெட்டியைத் திறப்பது எலக்ட்ரீஷியனின் வேலை. நீங்கள் கீழே நின்று ஏணியைப் பிடியுங்கள். ஏறுகிறவரிடம் பலகையில் மிதிக்காமல் சட்டத்தில் மட்டும் கால் வைக்கச் சொல்லுங்கள்.

பிரகாசபுரம் வாசகி: மச்சில் எலித் தொல்லை. பெட்டிக்குள்ளும் போகுமா?

வழி இருந்தால் போகும். பயன்படாத ஓட்டைகளை அடைத்து, மூடியை ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள், வயரைப் பைப்புக்குள் விடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் வருஷம் ஒருமுறை எல்லாப் பெட்டியையும் திறந்து, கனெக்டர் ஸ்க்ரூக்களை முறுக்கிப் பார்க்கச் சொல்லி, அந்தக் கூலியையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.