கல்வராயன் மலைக்கு எந்தத் தூதரகத்தில் விசா?

ஐரோப்பிய ஒற்றுமை பற்றி நம் தலைவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். வெட்டிக்கொண்டு செத்த பிரான்சும் ஜெர்மனியும் 1951-இல் நிலக்கரிக்கும் எஃகுக்கும் கூட்டுச் சேர்ந்தது, 1985-இல் ஷெங்கனில் கையெழுத்துப் போட்டு எல்லைச் சாவடிகளைத் தூக்கத் தொடங்கியது எல்லாம் தண்ணிபட்ட பாடு. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலையேறினால் வருகிற வெள்ளிமலை எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். உதவியாளரைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

பாவம், கல்வராயன் மலை நம்மோடு சேர்ந்ததே நேற்றுதானே! 1947-இல் சுதந்திரம் வந்தது, 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. இரண்டுக்கும் மலையேறத் தெம்பில்லை. ஜாகிர்தார் ஆட்சியும் கூலியில்லாத கொத்தடிமை வேலையும் மேலே அப்படியே நடந்தன. 1976 ஜூன் 25-ஆம் தேதிதான் அரசு மலையை எடுத்துக்கொண்டது. நெருக்கடிநிலை பிறந்து சரியாக ஒரு வருஷம். நாடு முழுக்க உரிமையைப் பிடுங்கிக்கொண்டிருந்த நாளில் மலைக்கு விடுதலை! ஓட்டுரிமை அப்போதும் வரவில்லை. 1990-களில்தான் கிடைத்தது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் சொன்னார்கள். ஒன்பது நாட்டு ஐரோப்பியர்கள் ஒரே நாடாளுமன்றத்துக்கு 1979-லேயே ஓட்டுப் போட்டுவிட்டார்கள்.

ஐரோப்பாவில் லிஸ்பனில் கிளம்பியவன் பெர்லினில் இறங்கினாலும் அதே ஆள்தான். நம்மிடம் மாவட்ட எல்லையைத் தாண்டினால் ஆளே மாறிவிடுவான். கல்வராயனில் வாழும் மலையாளி என்ற மலைமக்களையே பாருங்கள். சேலத்து மலையாளி பழங்குடி. ஈரோடு பர்கூர் மலையில் இருக்கும் அதே மலையாளி பழங்குடி இல்லை. பழங்குடிப் பட்டியல் அப்படி. கள்ளக்குறிச்சிக்காரருக்கு அதே பட்டியல் கொடுத்திருக்கும் விலாசம் தென்னார்க்காடு. 1993-இல் இரண்டாகப் பிரித்து மூடிவிட்ட மாவட்டம்!

அரசுக்கும் மலைக்கும் ராஜதந்திர உறவே இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். தூதர்கள் காக்கியில் வருவார்கள். ஓடையோரம் வெல்லமும் பட்டையும் ஊறும் பிளாஸ்டிக் பேரலைக் காலால் உதைத்துக் கவிழ்ப்பார்கள், சுற்றி நின்று போட்டோ எடுப்பார்கள். மறுநாள் பேப்பரில் ‘சாராய ஊறல் அழிப்பு’. பிரசவ வலியில் டோலி கட்டித் தூக்கி வருகிறவளுக்கு ரோடு இல்லாத இடத்திலும் பேரலுக்கு வழி கண்டுபிடித்துவிடுவார்கள்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். வித்த இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் காவல் நிலையம், நீதிமன்றம். ஆனாலும் பழி மட்டும் மலைமேல் ஏறியது. மெத்தனால் என்ன சாமையா, மரவள்ளியா, கல்வராயனில் விளைய? அது கீழ்நாட்டுத் தொழிற்சாலைச் சரக்கு. மதச்சார்பின்மைக்காக உயிரைக் கொடுப்பதாகச் சொல்லும் கட்சிகளும், அந்தச் சொல்லைக் கேட்டாலே கொதிக்கும் கட்சிகளும் ஒரே தெருவில் மாலையோடு நின்றன. ஐரோப்பா காணாத ஒற்றுமை. வருத்தம், ஆழ்ந்த வருத்தம், கண்டனம், வன்மையான கண்டனம் என்று ஐ.நா. சபை பாஷையில் பேசிவிட்டுக் காரேறினார்கள்.

பிறகு உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து மலைமக்களின் வாழ்க்கையை வழக்காக எடுத்தது. அப்போதைய முதல்வர் நேரில் போய்ப் பார்க்கலாமே என்றது. 2024 ஜனவரியில் ஸ்பெயின், ஆகஸ்டில் அமெரிக்கா, 2025-இல் ஜெர்மனி, இங்கிலாந்து என்று முதலீடு தேடிப் போனாரே, அதற்கெல்லாம் எந்த நீதிபதியும் வெற்றிலை பாக்கு வைக்கவில்லை. சொந்த மாநிலத்து மலைக்குத்தான் நீதிமன்றம் அழைக்க வேண்டியிருந்தது.

அந்த ஆட்சியை மட்டும் திட்டிவிட்டு மற்றவர்கள் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழ வேண்டாம். 1976-க்குப் பிறகு கோட்டையில் மாறி மாறி உட்கார்ந்த எல்லோருக்கும் இதில் பங்குண்டு. வருஷத்துக்கு ரூ.45,000 கோடிக்கு மேல் டாஸ்மாக்கில் கல்லா கட்டுகிற அரசு, கள்ளச்சாராயத்தில் செத்தவன் வீட்டுக்கு ரூ.10 லட்சம் கொடுத்தது. செத்தவனுக்கு ரேட் போடத் தெரிந்திருக்கிறது. உயிரோடு இருக்கிற மலைக்காரனுக்குப் பட்டா, ரோடு, ஆஸ்பத்திரி, கீழே இறங்கிச் சாராயம் சுமக்காமல் பிழைக்க ஒரு கூலி, இதற்கெல்லாம் எவ்வளவு என்று எந்த பட்ஜெட்டில் எழுதியிருக்கிறீர்கள்? பக்கத்தைக் காட்டுங்கள்.