‘பார்த்துட்டேன், ஓகே’: உதவி ஆவணங்களில் வல்லுநர் திருத்தம் பெறுதல் குறித்த ஓர் ஆய்வு

மென்பொருளை உருவாக்குபவர் ஒருவர். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதுபவர் வேறொருவர். முன்னவருக்கு எல்லாம் தெரியும், எழுத மாட்டார். பின்னவர் எழுதுவார், பாதிதான் தெரியும். ரிலீஸ் தேதிக்கு முன் இவ்விருவருக்கும் இடையே நடக்கும் கொடுக்கல் வாங்கலே ‘ரிவ்யூ’ எனப்படும். இதில் கொடுப்பவர் கொடுத்ததற்கான சான்றுகள் அருகியே கிடைக்கின்றன என்பதால் இவ்வாய்வு தேவையாயிற்று.

முன்னோடிச் சான்று தொல்காப்பிய அரங்கேற்றம். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் அந்நூலைக் கேட்டு ஆராய்ந்ததைப் பாயிரம் சொல்கிறது. நச்சினார்க்கினியர் மேலும் ஒரு செய்தி தருகிறார்: அந்நூலைக் கேட்கக் கூடாது என்று அகத்தியர் ஆசானைத் தடுத்துவிட்டார், தொல்காப்பியரோ கேட்டே ஆக வேண்டும் என்று பலமுறை வேண்டினார். இந்தப் ‘பலமுறை’யை ஆய்வுலகம் இதுவரை கண்டுகொள்ளவில்லை. பதிவான முதல் ரிமைண்டர் இதுவே என்பது எம் துணிபு. இருவர் கோபத்துக்கும் ஆளாகாமல், கேட்டுவிட்டுக் குற்றம் சொல்லிவிடுவோம் என்று ஆசான் முடிவெடுத்தாராம். மேலிடத்துத் தடை, எழுதியவரின் நச்சரிப்பு, நடுவில் வல்லுநர்: பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் இன்றும் இதே நிலைதான். ஆசான் உண்மையாகவே கேள்வி கேட்டார் என்பது மட்டும் வேறுபாடு.

இன்று கிடைக்கும் திருத்தங்களில் தலையாயது ‘ஓகே’. 40 பக்க ஆவணம் போய்ச் சேர்ந்த சில நிமிடங்களில் வந்துவிடும். ஆவணம் திறக்கப்படவே இல்லை என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. அடுத்தது, நன்னூல் பத்துக் குற்றங்களுள் ஒன்றாக எண்ணும் ‘மற்றொன்று விரித்தல்’: கடவுச்சொல் மாற்றும் பக்கத்தில், அடுத்த ஆண்டு வரப்போகும் வசதியைப் பற்றிய நெடிய காமென்ட். இவற்றை விடவும் ஆய்வாளரை வாட்டுவது காற்புள்ளித் திருத்தம். ‘சர்வர் எந்தப் போர்ட்டில் இயங்கும்? உறுதிப்படுத்தவும்’ என்று மஞ்சள் பூசிக் கேட்ட வரியை வல்லுநர் அலுங்காமல் கடந்து போவார். அதற்கு மேல் வரியில் ஒரு காற்புள்ளியை நீக்குவார். அடுத்த வல்லுநர் அதைத் திரும்ப வைப்பார். மூவர் கை பட்ட பிறகு ட்ராக் சேஞ்சஸில் சிவப்பு, ஊதா, பச்சை எல்லாம் இருக்கும். போர்ட் எண் மஞ்சளிலேயே கிடக்கும்.

சோம்பல் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. தானே செய்த பொருளைப் பற்றிப் படிக்கும்போது, தாளில் இருப்பதை வல்லுநர் படிப்பதில்லை. மண்டைக்குள் இருப்பதைப் படிக்கிறார். அங்கே எல்லாம் சரியாகவே இருக்கிறது. தவிர, அப்ரைசலில் இந்த வேலைக்கு மதிப்பெண்ணும் இல்லை.

கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டார், ஆனால் தவறைப் பொறுக்கவும் மாட்டார் என்பது எமது கருதுகோள். ‘போர்ட் எண் என்ன?’ என்றால் மௌனம். ‘போர்ட் எண் 80’ என்று துணிந்து எழுதினால், ‘யாருங்க இதை எழுதினது? 8443ங்க!’ என்று நள்ளிரவிலும் பதில் வரும். இம்முறையைத் ‘தவறு விதைத்தல்’ என்று அழைக்கிறோம். விதைத்தது ‘ஓகே’ வல்லுநர் கையில் சிக்கினால், வாடிக்கையாளர் கணினியில்தான் முளைக்கும். எனவே விதைத்த இடங்களைத் தனியே குறித்து வைப்பது ஆய்வு நெறி.

காசு கொடுத்துப் பார்க்கலாமா? கணினி அறிஞர் டொனால்ட் நூத் தம் நூல்களில் பிழை காட்டியவர்களுக்கு 2.56 டாலருக்குக் காசோலை அனுப்பினார். ஹெக்ஸாடெசிமல் கணக்கில் 256 சென்ட் சேர்ந்தால் ஒரு டாலர் என்பது அவர் வேடிக்கை. பெற்றவர்களில் பலர் அதைப் பணமாக்காமல் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார்கள். நம் அக்கவுண்ட்ஸ் பிரிவு இதற்கு முதலில் பில் கேட்கும்.

செலவில்லாத வழி ஒன்று உண்டு. பெல் ஆய்வகத்தில் 1971 நவம்பரில் வந்த யூனிக்ஸ் கையேட்டின் முதல் பதிப்பில், பக்கங்களின் அடியில் ‘பிழைகள்’ என்றொரு பகுதியும் ‘உரிமையாளர்’ என்றொரு பகுதியும் இருந்தன. கென், டிஎம்ஆர் என்று கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரின் லாகின் பெயர்களே அங்கு நிற்கும். பக்கம் தவறென்றால் யாரைப் பிடிப்பது என்பதில் ஐயமே இல்லை.

ஆகவே துறைத் தலைவர்களுக்கு எமது பரிந்துரை இதுதான்: உதவிப் பக்கம் ஒவ்வொன்றின் அடியிலும், அதற்கு ‘ஓகே’ சொன்ன வல்லுநரின் பெயரையும் மேசைத் தொலைபேசி எண்ணையும் போடுங்கள். வாடிக்கையாளர்கள் அழைக்கத் தொடங்கட்டும்.