வில்லங்கம் பார்க்காத பங்கு

குன்றத்தூரில் அரை கிரவுண்டு மனை வாங்குகிறவர் பட்டாவைப் புரட்டுவார், முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பார், செம்பரம்பாக்கத்தில் மதகைத் திறந்தால் தண்ணீர் எதுவரை வரும் என்று எதிர்வீட்டில் விசாரிப்பார், கடைசியில் விலையையும் அடித்துக் குறைப்பார். அதே மனிதர் பங்கு என்றால் மட்டும் வளர்ச்சிக் கதையைக் கேட்டதும் செல்போனில் விரலை வைத்துவிடுகிறார்.

ஓர் உதாரணம்: ஒரகடத்தில் புல்லட் தயாரிக்கும் ராயல் என்ஃபீல்டு, ஐஷர் மோட்டார்ஸின் சொத்து. 2009இல் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்த ஐஷர் பங்கு, 2017இல் 30,000 ரூபாயைத் தாண்டியது. வளர்ச்சி பொய்யில்லை, ரோட்டில் நின்றாலே காதில் விழும். ஆனால் அப்போதைய விலை, ஒரு பங்குக்கான ஆண்டு லாபத்தைப் போல ஏறக்குறைய 50 மடங்கு. நம்மவர் விழித்துக்கொண்டதும் சரியாக அப்போதுதான். 2020 மார்ச்சில் அது பாதிக்கும் கீழே போனது. பொறுத்தவருக்குப் பழைய விலை திரும்பியதே என்பார்கள். திரும்பியது, பங்கைப் பத்தாகப் பிரித்த கணக்கையும் சேர்த்து, 2022இல். அதற்குள் தபால் ஆபீஸ் டெபாசிட் சத்தமில்லாமல் ஐந்து வருஷ வட்டி போட்டுவிட்டது. 2009இல் வாங்கியவர் கொழித்தாரே என்றும் கேட்பார்கள். கொழித்தார்தான், அப்போது அதை வளர்ச்சிப் பங்கு என்று வீடு தேடி வந்து யாரும் விற்கவில்லை.