ஜலபர்ணியின் நாமபேத விசாரம்

மகாபாரதத்துக்குச் சுத்தப் பதிப்பு ஒன்று வேண்டுமென்று சங்கற்பித்து, 1919-ஆம் வருஷம் முதல் 1966 வரையில், 1,259 ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கி, அக்ஷரந்தோறும் பாடபேதம் குறித்து முடித்த பண்டார்கர் ஆராய்ச்சி மன்றம் விளங்குவது புனே நகரத்தில். அதே நகரத்தின் மத்தியில் ஓடும் முட்டா நதியை, மழை ஓய்ந்த சில மாதங்களுக்குள் ஜலமே கண்ணில் படாதபடி மூடிவிடுகிற ஜலபர்ணி என்னும் பூண்டுக்கு, தேசத்துக்கொரு நாமமாகப் பாடங்கள் மலிந்து கிடக்க, அவற்றைப் பதிப்பிக்க எந்தப் பண்டிதரும் முன்வராததைப் பெருங்குறையாகக் கருதியே அடியேன் இவ்வியாசத்தில் இறங்கினேன்.

பூண்டின் ஜன்மபூமி தென் அமெரிக்கா. பூவின் சௌந்தரியத்துக்காகத் தோட்டப் பிரியர்கள் கையோடு பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடல் கடந்ததாதலின், ஆசியாவின் ரிஷிகள் எவரும் இதற்கு நாமகரணம் செய்திருக்க வழியில்லை. சாக்கடை கொணரும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் இதற்கு அன்னபானம்.

முதற்கண் ஜப்பானியப் பாடம். புனேயில் ஜப்பானுக்கு என்ன பாத்தியதை என்று ஆட்சேபிப்போர், ஓகயாமா நகரத்துக் கோராகுவென் தோட்டத்தை மாதிரியாகக் கொண்டு சிம்மகட் சாலையில் அமைத்து, பின்னர் மராத்தி நகைச்சுவை மேதை பு. ல. தேஷ்பாண்டேயின் பெயர் சூட்டிய உத்தியானத்தில் ஒரு மாலை உலவிவிட்டு வருவார்களாக. ஜப்பானியர் இப்பூண்டை 'ஹோதேய் அவோய்' என்பர். ஹோதேய், துணிமூட்டையும் சிரித்த முகமும் பெருந்தொந்தியுமாக விளங்கும் பாக்கிய தேவதைகள் எழுவருள் ஒருவர். காற்றடைந்து உருண்டிருக்கும் இலைக்காம்பில் அவருடைய திருவயிற்றைத் தரிசித்த புண்ணியவான் எவரோ இட்ட பெயர் இது. இந்த ஹோதேய் பூர்வாசிரமத்தில் பூடாய் என்னும் சீனத்துச் சந்நியாசி. சீனரோ தம் தேசத்துச் சந்நியாசியைப் பொருட்படுத்தாமல், மேலிதழிலுள்ள மஞ்சட்புள்ளியைக் கண்டு 'பீனிக்ஸ் பறவையின் விழித் தாமரை' என்றனர். 1945 வரை ஜப்பானியர் ஆட்சியிலிருந்த தைவானில் மட்டும் 'பூடாய்த் தாமரை' என்னும் பெயர் வழங்குகிறது. சீனத்திலேயே பாமரர் பாடம் வேறு: 'நீர்ச் சுரைக்காய்'. பன்றித் தீனிக்காக இதனைச் சுமந்தவனுக்குப் பறவையின் விழி எங்கே தென்படப் போகிறது?

மங்கலமான பெயர்களை அப்படியே நம்புவதும் ஆபத்து. ஜப்பானியர் நாணலை 'அஷி' என்றே வழங்கிவந்து, அவ்வொலி 'தீயது' என்றும் பொருள்படுவதால் அஞ்சி, 'நல்லது' எனப் பொருள்படும் 'யோஷி' என மாற்றிக்கொண்டனர். விஷம் மிகுந்த பாம்புக்கு 'நல்ல' என்று அடைகொடுத்துப் பழகிய நாம் இதைக் கண்டு நகைப்பதற்கில்லை.

தமிழ்ப் பாடத்தில்தான் தர்க்க சாஸ்திரமே தத்தளிக்கிறது. நையாயிகர்கள், இல்லாத வஸ்துவுக்கு உதாரணம் வேண்டும்போதெல்லாம் ஆகாயத் தாமரையைக் காட்டி வாதியை மடக்குவது வழக்கம். உலகத்தில் இல்லவே இல்லாத அப்பொருளின் பெயரை, ஏரி குளமெல்லாம் அடைத்துக்கொண்டு, வெட்ட வெட்டத் தழைக்கும் பூண்டுக்குச் சூட்டிய நம் முன்னோரின் துணிச்சல் வியக்கத்தக்கது. 'வெங்காயத் தாமரை' என்ற மற்றொரு பாடமும் உண்டு. அது சமையலறையில் பிறந்திருக்கலாமென்பது என் ஊகம்.

ஆக, ஜப்பானியன் தொந்தியையும், சீனத்து ரசிகன் விழியையும், குடியானவன் சுரைக்காயையும், தமிழன் வெங்காயத்தையும், 'ஜலபர்ணி' என்ற மராட்டியன் நீரின்மேல் இலையையும் கண்டானேயன்றி, நீருக்குள் கறுத்துத் தொங்கும் வேரை ஒருவனும் காணவில்லை. அதைக் காண்பவர்கள், வருஷந்தோறும் முட்டாவில் இறங்கி இதை வாரிக் கரையேற்றும் தொழிலாளிகள். மூலபாடம் அவர்களிடமே இருக்கவேண்டுமென்பது என் சித்தாந்தம்; ஆனால் வாரும்போது அவர்கள் வாயில் வரக்கூடிய நாமங்களை அச்சேற்றும் பதிப்பகம் கிடைப்பது துர்லபம்.

ஆகவே, சர்ச்சை தீரும்வரை 'ஜலபர்ணி' என்பதையே மூலமாகக் கொண்டு, ஏனையவற்றை அடிக்குறிப்பில் இடுவதென முடிவு செய்திருக்கிறேன். நகரத்துப் பண்டிதர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஒப்புநோக்கும் வேலையைக் கோடைக்குள் முடித்துவிடுங்கள். மழைக்காலத்தில் கடக்வாஸ்லா அணை நிரம்பிக் கதவுகளைத் திறந்தார்களானால், பிரதிகள் அனைத்தும் பீமா நதிக்குப் போய்விடும்.