வாளா, வைத்தியமா?

கேள்வி: 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டில் எல்லோரும் வாள் வீசத் துடிக்கும்போது, காயம் ஆற்றும் 'பிரீஸ்ட்' கிளாஸை யார் தேர்ந்தெடுப்பார்கள்?

பதில்: வரிசையில் காத்துக் கிடக்க விரும்பாதவர்! பாதாளக் கோட்டைக்குள் போகும் ஐவர் குழுவில் அடி தாங்க ஒருவர், ஆற்ற ஒருவர், அடிக்க மூவர். அடிக்கத்தான் கூட்டம் அலைமோதும். ஆற்றுபவருக்குப் பெரும்பாலும் சட்டென்று இடம் கிடைத்துவிடும். ஆள் பற்றாத பொறுப்பை ஏற்பவருக்கு 2011-இல் பரிசுப் பையே அறிவிக்கப்பட்டது.

தேர்வில் நிதானம் மிக அவசியம். பெயர், இனம், அணியைக்கூடப் பணம் கட்டி மாற்றலாம். கிளாஸை மாற்ற வழியில்லை, புதுப் பாத்திரம்தான் உருவாக்க வேண்டும். மனம் ஊசலாடுபவருக்கு 'ட்ரூயிட்' மிகப் பொருத்தம்: கரடியாகி அடி தாங்கும், பூனையாகிப் பிறாண்டும், காயமும் ஆற்றும்.