செங்கல் சந்து அகழாய்வு

செங்கல் சுவரில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் அகலத்தில் ஓடும் சாந்துக் கோட்டுக்குச் சந்து என்று பெயர். வெயிலும் மழையும் அதன் முகத்தைத் தின்றபின், பழையதைச் சுரண்டி எடுத்துப் புதுச்சாந்து அடைப்பது வழக்கம். அடைப்பவருக்குப் புகழ் உண்டு. சுரண்டியவர் பெயரை எவரும் கேட்பதில்லை. வேலையில் பெரும்பாதி சுரண்டுவதே என்பதால் இத்துறை தனி ஆய்வுக்கு உரியதாகிறது.

பழஞ்சாந்து குணத்தால் மூவகைப்படும்: தொட்டால் உதிர்வது, தட்டினால் உதிர்வது, செங்கல் உதிர்ந்த பிறகும் தான் உதிராதது. முதல் இரண்டும் சுண்ணாம்புக் காரை. மூன்றாவது, இடையில் யாரோ ‘ஸ்ட்ராங்காக இருக்கட்டும்’ என்று அடைத்த சிமெண்ட். வகை காண உதவும் தொன்மையான கருவி வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் சாவி. கீறினால் மாவாகக் கொட்டுவது காரை. சாவி மழுங்கினால் சிமெண்ட்.

மூன்றாம் வகைக்குச் சற்று இடம் ஒதுக்க வேண்டும். போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824இல். ஆயினும் அந்நூற்றாண்டு முழுக்கச் சுவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்பிலேயே எழுந்தன. 1892இல் திறக்கப்பட்ட சென்னை உயர் நீதிமன்றத்தின் சிவப்புச் சுவர்களும் அப்படித்தான். சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மெத்தென்றது. சுவர் குடித்த ஈரம் அதன் வழியே வெளியேறும். தேய்ந்தால் சாந்து தேயும், கல் பிழைக்கும். சிமெண்டால் வழியை அடைத்துவிட்டால் ஈரம் செங்கல் வழியே வரும், கூடவே உப்பும் வரும். உப்பு கல்லின் தோலுக்கடியில் பூத்து முட்ட, முகம் பொரிந்து ஏடு ஏடாகக் கழன்றுவிடும். சில காலத்தில் சிமெண்ட் கோடு மட்டும் துருத்திக்கொண்டு நிற்க, கல் உள்வாங்கிப் போயிருக்கும். கல் போனபின் சந்து எதற்கு என்னும் கேள்வி தத்துவத் துறையைச் சார்ந்தது.

அகற்றுவதில் உளி மரபு, கிரைண்டர் மரபு என இரண்டு உண்டு. கிரைண்டர் மரபினர் முற்பகலில் சுவரை முடித்துவிட்டு, பிற்பகலில் செங்கல் ஓரங்கள் சிதைந்ததற்குக் காரணம் சொல்வர். படுக்கைச் சந்தின் நடுவே ஒரு கோடு கிழித்து இறுக்கத்தைத் தளர்த்த மட்டும் கிரைண்டர் ஆகும். நிமிர்ந்த சந்தில் அதை வைக்கவே கூடாது. வட்ட பிளேடு மேல்கல்லையும் கீழ்க்கல்லையும் வெட்டாமல் சந்தின் இரு முனைகளையும் எட்டாது. வடிவியல் இதில் சமரசத்துக்கு வருவதில்லை. கிளம்பும் சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுப்பது, மூக்கில் கட்டிய துண்டு அதைத் தடுக்காது. தக்க முகக்கவசம் வேண்டும். இதில் வேடிக்கை ஏதுமில்லை.

உளியின் வாய் சந்தைவிடக் குறுகலாக இருக்க வேண்டும். சுத்தியல் சிறியது, அடி மெல்லியது, உளி சாய்வது சாந்தின் பக்கம், கல்லின் பக்கம் அன்று. ஆழம், அகலத்தைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு. அதாவது 20 முதல் 25 மில்லிமீட்டர். குழியின் அடி தட்டையாக இருப்பது முக்கியம். ஓரத்தில் சரிவாக விட்டால் அங்கே புதுச்சாந்து அப்பளமாய் மெலிந்து பெயரும். கீழே நின்று ‘இன்னும் கொஞ்சம் ஆழமா’ என்பவரின் பங்களிப்பு எல்லாச் சுவரிலும் காணப்பட்டாலும் ஆழத்தை அது மாற்றியதில்லை.

பிறகு தூசியைத் தட்டி, பிரஷ்ஷால் இழுத்து, மேலிருந்து கீழாக நீர் ஊற்றிக் கழுவ வேண்டும். தூசி தங்கினால் புதுச்சாந்து தூசியைப் பிடிக்குமே தவிரக் கல்லைப் பிடிக்காது. கல் காய்ந்து கிடந்தால் சாந்தின் நீரை உறிஞ்சிவிடும். எனவே நீர் வடிந்து ஈரம் மட்டும் நிற்கும் வேளையில் கலவைச் சட்டி வந்துசேர வேண்டும். அவ்வேளையில் வழக்கமாக வந்துசேர்வது டீ. சுவரை இரண்டாம் முறை நனைக்கும் மரபு இதனாலேயே தோன்றியிருக்க வேண்டும்.